ஆடும் பல்லுக்கு எலும்புத் தூள் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஊர் குடியாத்தம். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஈறு இறங்கிவிட்டது, பல் கூசுகிறது, வாய் நாறுகிறது. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு மாதமாக ஆடுகிறது. அங்கே அழுத்தினால் சீழ் வருகிறது; மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடும். மாட்டு எலும்புத் தூளும் சவ்வும் வைத்தால் எலும்பு வளரும் என்கிறார் பல் டாக்டர். அதனால் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

பதில்: பல்லை எடுத்தால் பார்வை போகாது. உங்கள் கண்ணைக் கெடுக்கக்கூடியது சர்க்கரைதான். வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். எலும்புத் தூளால் புற்றுநோயும் வராது. அந்த வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது சீழ்தான். பல்லோரம் விரலை வைத்து அழுத்தினால் கடுகளவு மஞ்சளாக எட்டிப் பார்க்கும். "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்பார்கள். வலிக்காததால்தான் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆழமாகி, பிரஷ் எட்டாத அடியில் காறை படிந்தால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். சீழும் வந்து பல்லும் புதிதாக ஆடுகிறது என்றால் அந்த வேலை இப்போதும் நடக்கிறது என்று அர்த்தம். மாத்திரை கிருமியைச் சில நாள் அடக்கும். காறை அங்கேயே இருக்கும். கடைக்காரர் உங்கள் வாயைத் திறந்தாவது பார்த்தாரா? இனி அந்த மாத்திரை வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். தாடை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முதல் வேலை ஆழமான கிளீனிங். அதனால் பல் ஆடாது. காறை போனதும் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். சர்க்கரையும் இறங்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7-க்குப் பக்கத்தில் வந்தால் புண் நன்றாக ஆறும். ஈறு ஆறினால் சர்க்கரையும் கொஞ்சம் கட்டுப்படும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்துத்தான் எலும்புத் தூளைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தத் தூளில் சதையோ ரத்தமோ இருக்காது. சுத்திகரித்தபின் மிஞ்சுவது தாதுச் சட்டகம். அதைப் பற்றிக்கொண்டு உங்கள் எலும்பு வளரும். சவ்வு எதற்கு? ஈறின் மேல்தோல் வேகமாக வளர்ந்து குழிக்குள் இறங்கிவிடும். எலும்பும் பல்லைப் பிடிக்கும் நாரும் மெதுவாகத்தான் வளரும். ஆடு நுழையாமல் நாற்றங்காலுக்கு வேலி போடுகிறோமே, அதுபோல அந்தத் தோலைத் தடுக்கத்தான் சவ்வு. மாட்டுப் பொருள் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் தூள் இருக்கிறது. சில இடங்களில் உங்கள் ரத்தத்தையே சுழற்றி எடுத்த ஃபைப்ரின் என்ற உறைபொருளையும் வைக்கிறார்கள். சவ்வும் மாடு, பன்றியிலிருந்து வருவதுண்டு, அதையும் கேளுங்கள்.

ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது பலிக்காது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோமே, அப்படிச் சுற்றிலும் சுவர் நிற்கும் குழியாக எலும்பு கரைந்திருந்தால் பலன் உண்டு. ஆற்று மணல் மட்டமே மொத்தமாக இறங்கியதுபோல் எலும்பு குறைந்திருந்தால் தூள் நிற்க இடமில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி, "குழியா, மட்டம் இறங்கியதா? எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் வேலூரில் இன்னொரு ஈறு நிபுணரிடமும் காட்டுங்கள்.