கோணல் முறுக்கும் அழித்த கோலமும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுபாங் ஜெயாவில் வசிக்கிறேன், வேலைக்குப் போகிறவள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் போட்டுவிடுவேன். புதுத் திரைச்சீலை, 8 வகைப் பலகாரம், திறந்த இல்ல உபசரிப்பு என எதிலும் ஒரு குறை இருக்கக்கூடாது. கணவர் வண்ண விளக்கு கட்டிக் கொடுப்பார். சென்ற ஆண்டு என் 9 வயது மகள் வாசலில் போட்ட கோலம் கோணலாக இருந்ததால், அவள் தூங்கிய பிறகு அதை அழித்துவிட்டு நானே போட்டேன். காலையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகை முடிந்ததும் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டேன். இந்தக் குணத்தை எப்படி விடுவது? முறுக்கைக் கடையில் வாங்கினால் மரபைக் கைவிட்டதாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம். தீபாவளி நெருங்கும்போது சிவப்பு மூடி போட்ட புட்டிகளில் முறுக்கு விற்கும் பெண்கள் உங்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்களும் நம் மரபில் சேர்த்திதான். திரைச்சீலையைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை.

ஆனால் முறுக்கைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி தனியாக நின்று செய்யும் பலகாரமா அது? பிசைந்த மாவை நெடுநேரம் வைத்திருந்தால் முறுக்கு எண்ணெயில் சிவந்துபோகும். தண்ணீர் குறைந்தால் பிழியும்போதே இழை அறுந்துபோகும். வெண்ணெய் கூடினால் சட்டியிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே பிசைகிறவர், பிழிகிறவர், எண்ணெயைப் பார்க்கிறவர், ஆறியதை அடுக்குகிறவர் என்று நாலைந்து பேராவது ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். நான் வளர்ந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அந்த வரிசைப் பெண்கள் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் கை நடுங்கும். அவர் பிழிந்த முறுக்கு வட்டமாக வந்ததே கிடையாது. கடைசிச் சுற்று எப்போதும் பூரானைப்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் அம்மா அவற்றைத் தனியே ஒதுக்கியதில்லை. விருந்தாளிகளும் புட்டிக்குள் கையைவிட்டு, “இது ஆயா கை” என்று சொல்லியே எடுப்பார்கள்.

அந்த வட்டாரத்துக்கு 2010இல் லிட்டில் இந்தியா என்று பெயர் வந்தபோது, அப்பெண்களில் பலர் பூச்சோங், கிள்ளான் என்று பிள்ளைகளோடு போய்விட்டிருந்தார்கள். வீடுகள் சிதறின, பலகாரங்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. இந்நாட்டில் தீபாவளிக்கு ஒரே நாள்தான் பொது விடுமுறை என்றிருக்க, ஒரு வரிசையே சேர்ந்து செய்த வேலை ஒருத்தி தலையில் விழுந்தது. ஒரே ஆள் பிழிந்தால் எல்லா முறுக்கும் ஒரே அளவில் வரத்தான் செய்யும். நீங்கள் நேர்த்தி என்று சொல்வது அதைத்தான். துணைக்கு ஆளில்லாததை ஒரு தகுதியாக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போதாக்குறைக்குப் பேரங்காடிகள் வேறு. வண்ண அரிசியில் பிரம்மாண்டமான கோலம் போட்டு, யாரும் மிதித்துவிடாமல் சுற்றிலும் தடுப்பு வைத்து, வாரக்கணக்கில் காட்சிக்கு வைக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசற்கோலம் அப்படியா? அரிசி மாவில் போட்டால் எறும்பு தின்னும், வருகிறவர்கள் மிதிப்பார்கள், மிஞ்சியதை இந்தப் பருவத்து மாலை மழை கரைத்துவிடும்.

அப்படிப்பட்ட ஒன்றுக்காகவா ஒரு பிள்ளை குனிந்து உட்கார்ந்து போட்டதை இரவோடு இரவாக அழித்தீர்கள்? அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் கவனித்தது வரைக்கும் நல்லது. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் கூப்பிடாமலே வேலைக்கு வந்து நின்ற ஒரே கை அது. அதையும் திருப்பி அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் தனியாகச் செய்து உடம்பு முடியாமல் படுத்தால் யாரை நொந்துகொள்வது?

கடுமையாக எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, அதன்பிறகு அடுப்படியில் நிற்கும் ஒருவருக்கு அறிவுரை சொல்வது சுலபம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் குணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அளவுகோல் அங்கே தானாகவே செல்லாமல் போகும்.

கணவரை விளக்கோடு ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முறுக்கு உரலை அழுத்தத் தோள்வலு வேண்டும். வரும் தீபாவளிக்கு மற்றவற்றைக் கடையில் வாங்கிக்கொண்டு, முறுக்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உரலை அவரிடம் கொடுங்கள்; ஆறியதை அடுக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். வாசல் முழுக்க அவளுடையது, நீங்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. கணவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அவர் பெயருக்கே தனியாக ஒரு பதில் எழுதுகிறேன்.

அன்புடன்