ஃபெரிட்டின் 9, எச்பிஏ1சி 7.4: எதை நம்புவது?
வணக்கம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 110ஐத் தாண்டாதபோதும் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 என வந்திருப்பதாகவும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரும்புச் சேமிப்பு வற்றும்போது புதிய சிவப்பணுக்களின் உற்பத்தி குறைந்து, ஏறத்தாழ 120 நாள் வாழும் அணுக்களில் வயதானவற்றின் பங்கு கூடுகிறது. அவற்றின் ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் நெடுநாள் ஒட்டிச் சேர்ந்திருப்பதால், சராசரிச் சர்க்கரை உயராமலேயே எச்பிஏ1சி உயர்ந்து காட்டக்கூடும். இரும்பு மாத்திரை தொடங்கியபின் இளம் அணுக்கள் பெருகி அந்த எண் இறங்கினால், அதையும் சர்க்கரை மருந்தின் வெற்றியாக எண்ணிவிடாதீர்கள். உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய அளவுகளைக் குறித்துக்கொண்டு, சிவப்பணுக்களைச் சாராமல் கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு இதைவிடக் கவலை தருவது, இரும்பு ஏன் குறைந்தது என்பதே; குடலில் எங்கேனும் இரத்தக் கசிவு உள்ளதா என்பதைத் தயவுசெய்து தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள்.