அப்டேட்டுக்குப் பிறகு நெட் வரவில்லை, புது லேப்டாப் வாங்கவா?

கேள்வி: என் லேப்டாப்புக்கு நான்கு வயது, விண்டோஸ் 11. போன வாரம் ராத்திரி அப்டேட் ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் வைஃபை இல்லை. மற்றவர்கள் போனிலும் டிவியிலும் நெட் நன்றாக வருகிறது. நாலைந்து முறை ஆஃப் செய்து ஆன் செய்தும் பலனில்லை. பழுதுபார்ப்பவர் மெஷினைத் திறக்காமலேயே, "நெட்வொர்க் கார்டு போயிடுச்சு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முந்தின இரவு வரை ஓடிய கார்டு, அப்டேட் முடிந்த அதே காலையில் தற்செயலாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும், அதை இயக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள்தான் மாறிப்போயிருக்கும்.

ஆஃப் செய்து ஆன் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் எல்லாம் முழுதாக அணைந்துவிடுவதில்லை. சீக்கிரம் திறப்பதற்காக 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, உள்ளே ஓடுவதில் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளும். கோளாறும் அதோடு சேர்ந்து பத்திரமாக இருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 2016 டிசம்பரில் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் திடீரென்று நெட் போனபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன முதல் வைத்தியமே 'ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள்' என்பதுதான். அதைத் தன் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். நெட் இல்லாதவர் அதை எங்கே போய்ப் படிப்பது என்று கேட்காதீர்கள்.

சரி, ரீஸ்டார்ட்டுக்கும் மசியவில்லை என்றால், ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' போங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால் வைஃபை கார்டின் பெயர் தெரியும். பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் குற்றவாளி டிரைவர்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். பெயர் மேல் இரட்டைக் கிளிக் செய்து, 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழையது கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போது லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்க வேண்டும்.

நெட் இல்லாமல் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போனையே வயர் நெட்வொர்க்காகக் கணினி எடுத்துக்கொள்ளும், வைஃபை கார்டு அதற்குத் தேவையில்லை. அப்படி நெட் வந்துவிட்டால் கோளாறு வைஃபை பக்கம் மட்டும்தான் என்பதும் தெரிந்துவிடும்.

பட்டியலில் கார்டின் பெயரே இல்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆன் செய்து பாருங்கள். சில லேப்டாப்களில் உறங்கிக் கிடக்கும் கார்டு இதில் எழுந்துவிடும்.

வைஃபை சேர்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் அது வேறு கதை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கணினிக்குரிய எண்) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆன்டிவைரஸையும் விபிஎன்னையும் சற்று நிறுத்திப் பாருங்கள். கடைசி ஆயுதம் செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே உதவாவிட்டால் அப்டேட்டையே கழற்றிவிடலாம். 'அப்டேட் ஹிஸ்டரி'க்குள் அதற்கு வழி இருக்கிறது. பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டாக இருந்தால் வழக்கமாக 10 நாள்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கார்டு மேலேயே சந்தேகம் என்றால், பென் டிரைவிலிருந்து உபுண்டுவை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது. வராவிட்டாலும் கார்டு செத்துவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, சில கார்டுகளுக்கு அதில் டிரைவர் இருக்காது.

பழுதுபார்ப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கார்டு போயிடுச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?" டிவைஸ் மேனேஜரைக்கூடத் திறக்காதவர் என்றால் மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கார்டு உண்மையிலேயே போயிருந்தாலும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும், அதற்காக லேப்டாப்பை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: இனிமேல் அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். அவசரம் இல்லையென்றால் 'பாஸ் அப்டேட்ஸ்' (Pause updates) கொடுத்து ஓரிரு வாரம் தள்ளிப்போடுங்கள், 5 வாரம் வரை இடம் உண்டு. அதற்குள் மற்றவர்களின் கணினியில் வெடித்ததெல்லாம் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், வைஃபை டிரைவரின் பிரதி ஒன்றை இப்போதே பென் டிரைவில் போட்டு மேசை டிராயரில் வையுங்கள்.