இடுப்பு முறிவு: ஸ்குரூ போதுமா?
உங்கள் அப்பாவுக்கு 64 வயது, பல வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை, தொடை எலும்பின் பந்து ஏற்கெனவே ரத்த ஓட்டமில்லாமல் செத்திருக்கிறது, இப்போது விழுந்து அதன் கழுத்தும் முறிந்துவிட்டது. முறிவை ஸ்குரூ போட்டு இணைத்தால் போதுமா என்கிறீர்கள். போதாது என்றே நினைக்கிறேன். உயிரற்ற பந்தோடு எலும்பு கூடுவது கடினம். கூடினாலும் பந்து நசுங்கினால் மறுபடி ஆபரேஷன். சொந்தக்காரர் சொன்ன 'கோர் டிகம்ப்ரெஷன்' (பந்துக்குள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைப்பது) பந்து நசுங்காத ஆரம்பக் கட்டத்துக்கு, முறிவுக்கு அல்ல.

பந்தை மட்டும் மாற்றுவது, பந்தும் அது பொருந்தும் கிண்ணமும் சேர்த்து மாற்றும் முழு இடுப்பு மாற்றைவிடச் சின்ன ஆபரேஷன்தான். ஆனால் கிண்ணத்தின் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் வலி விடாது. நன்றாக நடமாடியவர் என்றால் முழு இடுப்பு மாற்றைப் பற்றியே கேளுங்கள்.

அப்புறம், மறு இடுப்புக்கும் எம்ஆர்ஐ பார்க்கச் சொல்லுங்கள். பந்து செத்தது ஸ்டீராய்டால் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை எடுப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.