வீங்குறது மூட்டு, கரையுறது எலும்பு... ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு நாலு வருஷமா ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டுவாதம். இப்ப கை எக்ஸ்ரே பாத்த டாக்டர் விரல் மூட்டுகிட்ட எலும்பு அரிச்சிருக்குன்னு சொல்றாரு. வீக்கம் மூட்டுச் சவ்வுலதானே, எலும்பு எதுக்கு அரிக்கணும்? கால்சியம் மாத்திரை ஒரு நாள் கூட விடாம போடுறாங்களே? - ஒரு வாசகி

பதில்: அரிக்கிறது அம்மாவோட சொந்த செல்லுங்கதாம்மா. ஆஸ்டியோகிளாஸ்ட்னு பேரு. ரத்தத்துல சுத்துற மோனோசைட்ங்கிற வெள்ளை அணு வம்சத்து செல்லுங்க பல சேர்ந்து ஒட்டி ஒரே பெரிய செல்லாகி, எலும்பு மேல அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு, அடியில ஆசிட் விட்டு உப்பைக் கரைச்சு, கத்தெப்சின் கே-ங்கிற என்சைமை வச்சு எலும்போட நாரான கொலாஜனையும் அறுத்துடும். வில்லன்னு நினைச்சுடாதீங்க, பழைய எலும்பை இது எடுத்தாதான் அந்த இடத்துல புதுசு கட்ட முடியும், நம்ம எல்லாருக்கும் தினமும் நடக்குற வேலைதான்.

மோனோசைட் தானா இப்படி மாறாது. ரேங்க்எல்-னு ஒரு புரோட்டீன் வந்து அதோட மேல இருக்குற ரேங்க் ரிசப்டர்ல, அதாவது சிக்னல் வாங்குற புரோட்டீன்ல, உக்காரணும். உக்காந்ததும் உள்ள என்எஃப்-கப்பா பி முழிச்சுக்கும். அது ஜீன்களை ஆன் பண்ற புரோட்டீன், சும்மா இருக்கும்போது ஐ-கப்பா பி-னு இன்னொண்ணு அதைப் பிடிச்சு நியூக்ளியஸுக்கு வெளியவே வச்சிருக்கும், சிக்னல் வந்தா அந்தக் காவலாளியை செல்லே சிதைச்சுடும், இது உள்ள ஓடிடும். அதுவும் சி-ஃபாஸ்ங்கிற இன்னொரு புரோட்டீனும் சேர்ந்து, ஜீன்களை ஆன் பண்ற என்ஃபேட்-சி1-ங்கிற புரோட்டீனைக் கிளப்பிவிடும். இதுதான் இந்தக் கதையில பெரிய தலைங்கிறதை 2002-ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. செல்லுக்குள்ள கால்சியம் ஏறி இறங்குறப்ப கால்சிநியூரின்னு ஒரு என்சைம் என்ஃபேட்-சி1 மேல இருக்குற பாஸ்பேட்டைக் கழட்டும், அது நியூக்ளியஸுக்குள்ள போய் தன்னோட ஜீனையே பிடிச்சு தன்னை இன்னும் நிறைய செஞ்சுக்கும்! அப்புறம் கத்தெப்சின் கே ஜீனும் ஆன், ஆசிட் விடுற பம்ப்பும் ரெடி. (கால்சியம்னு படிச்சதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இது செல்லுக்குள்ள நடக்குற சிக்னல், மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.)

இப்ப வீக்கத்துக்கு வருவோம். வீங்கின சவ்வுல டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6, ஐஎல்-17-னு வீக்கத்தைத் தூண்டுற புரோட்டீனுங்க எல்லாம் கொட்டிக் கிடக்கும். இதுங்க சவ்வுல இருக்குற ஃபைப்ரோபிளாஸ்ட்ங்கிற செல்லுங்களைத் தூண்டி ரேங்க்எல்லை அதிகமாக்கும், டி செல்லுங்கிற நோய் எதிர்ப்பு செல்லுங்களும் கூட கொஞ்சம் ஊத்தும். இதோட நிக்காம டிஎன்எஃப் தன்னோட தனி ரிசப்டர் வழியா அதே என்எஃப்-கப்பா பி-யைத் தட்டி எழுப்பும், அதனால ரேங்க்எல் கொஞ்சம் இருந்தாலே போதும், ஆஸ்டியோகிளாஸ்ட் மளமளன்னு கிளம்பிடும். உங்க கேள்விக்கு நேர் பதில் மாதிரி 2001-ல ஒரு எலி ஆராய்ச்சி வந்துச்சு. ரேங்க்எல் ஜீனே இல்லாத எலிக்கு மூட்டுவாதம் வரவச்சாங்க, மூட்டு நல்லாவே வீங்குச்சு, ஆனா எலும்பு அரிப்பு ரொம்பவே கம்மி. ஆக வீக்கம் ஆர்டர் போடுது, வெட்டுறது வேற ஆள்.

கால்சியம் மாத்திரை செங்கல் சப்ளை மட்டும்தான், இடிக்கிறவனை அது நிறுத்தாது. டாக்டர் சொன்னா போடட்டும், ஆனா அரிப்பை அடக்கணும்னா மெத்தோட்ரெக்ஸேட்ங்கிற மருந்து, தேவைப்பட்டா டிஎன்எஃப்-ஐ தடுக்குற ஊசின்னு வீக்கத்தையே அடக்கணும். ரேங்க்எல்லையே பிடிச்சு வைக்கிற டெனோசுமாப் ஊசியும் இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒண்ணு, எலும்பு அரிப்பைக் குறைக்கும், ஆனா வீக்கத்தையும் வலியையும் தொடாது, அதனால அது மட்டும் பத்தாது. ஒருவேளை அதை ஆரம்பிச்சா டாக்டரைக் கேக்காம நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது, அடங்கிக் கிடந்த ஆஸ்டியோகிளாஸ்ட் மொத்தமா எழுந்து முதுகெலும்பு நொறுங்கினவங்க இருக்காங்க.