நீதிபதிகளை எண்ணிப் பார்க்கிற வேலை

கேள்வி: என் மகள் எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறாள். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எப்படி இயங்குகின்றன என்று முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறாளாம். அது வக்கீல்கள் செய்ய வேண்டிய வேலை இல்லையா? (ஒரு தந்தை, தஞ்சாவூர்)

பதில்: வக்கீல் தீர்ப்பைப் படித்துவிட்டு 'சட்டம் என்ன சொல்கிறது' என்று கேட்பார் சார். உங்கள் மகள் கேட்கப் போவது வேறு கேள்வி. அதே சட்டம், அதே சாட்சியம், ஆனால் கீழ்க்கோர்ட்டு ஒன்று சொல்ல அப்பீலில் வேறு ஒன்று சொல்கிறார்கள், அதிலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால், சட்டத்தைத் தாண்டி அங்கே என்ன வேலை செய்கிறது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒழுங்காகக் கேட்டு, எண்ணிக் காட்டியவர் ஹெர்மன் பிரிட்செட். அவரும் வக்கீல் இல்லை, அரசியல் அறிவியல்காரர்தான். 1940-களில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நியமித்தவர்கள். ஒரே ஆள் பொறுக்கி எடுத்தவர்கள் ஒற்றுமையாகத்தானே இருக்க வேண்டும்? நடந்தது தலைகீழ், பத்தாண்டின் நடுவில் வந்த தீர்ப்புகளில் பாதிக்கு மேல் ஒருமனதாக இல்லை. யார் யாரோடு எத்தனை முறை சேர்ந்தார், யாரை விட்டு விலகினார் என்று பிரிட்செட் அட்டவணை போட்டு 1948-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது, வெறும் கூட்டல் கழித்தல். அந்த அட்டவணையிலிருந்துதான் இந்தத் துறையே கிளைத்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

கேள்வி: அமெரிக்கா சரி. நம் உச்ச நீதிமன்றத்தை அப்படி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? (சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: ஆராய்ந்திருக்கிறார்கள் தம்பி. முதலில் இறங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கர் என்பதுதான் வேடிக்கை. ஜார்ஜ் காட்போய்ஸ், கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர். டியூக் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடே நம் உச்ச நீதிமன்றத்தின் தொடக்க காலத்தைப் பற்றியது. அதோடு விடவில்லை மனுஷர். 1980-களில் இந்தியாவுக்கு வந்து, பதவியில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று அறுபதுக்கு மேற்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேடிப் போய்ப் பேசினார். அப்பா என்ன வேலை பார்த்தார், எந்த ஊர், எந்தச் சாதி, எங்கே படித்தார், உயர் நீதிமன்றத்துக்கு யார் சிபாரிசு செய்தார்கள், டெல்லிக்கு எப்படி அழைத்தார்கள், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். நம் ஊரில் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

அதெல்லாம் புத்தகமாக வந்தது 2011-இல். பேட்டி எடுத்ததற்கும் அச்சில் வந்ததற்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல்! 1950-இலிருந்து 1989 நடுப்பகுதி வரை பதவியேற்ற 93 பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் இருக்கின்றன. அந்த 93 பேரில் ஒரு பெண்கூட இல்லை. முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி (பிற்பாடு நம் மாநில ஆளுநராக வந்தாரே, அவர்தான்) 1989 அக்டோபரில்தான் பதவியேற்றார். பட்டியல் சாதியிலிருந்து முதல் ஆளாக நம் ஊர் ஏ. வரதராஜன் அங்கே போனது 1980-இல், அதாவது கோர்ட்டு திறந்து முப்பது வருஷம் கழித்து. இதையெல்லாம் எந்தத் தீர்ப்பிலும் படிக்க முடியாது, பட்டியல் போட்டால்தான் கண்ணில் படும்.

காட்போய்ஸ் 2017-இல் காலமானார். ஆனால் அவருடைய பேட்டிக் குறிப்புகள் வீணாகவில்லை. மும்பை வழக்கறிஞர் அபினவ் சந்திரசூட் அவற்றை வைத்து 2018-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்பே, 2014-இல், தன் சொந்தப் பேட்டிகளையும் வைத்து, உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் எடுப்பதில் எழுதப்படாத விதிகள் இருக்கின்றன என்று இன்னொரு புத்தகம் எழுதியிருந்தார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும், உயர் நீதிமன்றத்தில் சீனியராக இருக்க வேண்டும், மாநிலம், மதம் என்று ஒரு பங்கீடு இருக்க வேண்டும். அரசியல் சாசனத்தில் தேடிப் பாருங்கள், இதில் ஒரு வரிகூட இருக்காது.

கேள்வி: அமெரிக்கர்கள் மாதிரி நம் நீதிபதிகளையும் இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: முடியாது என்றுதான் நினைக்கிறேன். பலர் முட்டி மோதிய இடம் இது. அமெரிக்காவில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள், ஆயுள் முழுக்கப் பதவி. அதே ஆட்கள் சேர்ந்து பத்து இருபது வருஷம் ஓட்டுப் போட்டால் கணக்குப் போட எவ்வளவு வசதி! நம் கோர்ட்டில் 1950-இல் எட்டு இடம், 2019-இல் அது 34 ஆனது, 65 வயதில் ஓய்வு. பெரும்பாலான வழக்குகளை இரண்டு அல்லது மூன்று பேர்தான் கேட்கிறார்கள். குறைந்தது ஐந்து பேர் உட்காரும் அரசியல் சாசன அமர்வு அபூர்வம். இரண்டு பேர் பெஞ்சில் ஒருவர் எழுத இன்னொருவர் ஒப்புக்கொள்வதுதான் வழக்கம். முரண்பட்டால் வழக்கு தொங்கிவிடும், 2022-இல் ஹிஜாப் வழக்கில் ஆனது போல.

ஆகவே இங்கே முதலில் கேட்க வேண்டியது 'இவர் எப்படித் தீர்ப்பு சொல்வார்' என்பது இல்லை, 'இந்த வழக்கு இந்த இரண்டு பேரிடம் எப்படிப் போனது' என்பதுதான். எந்த வழக்கு எந்த பெஞ்சுக்கு என்று ரோஸ்டர் போடுகிற அதிகாரம் தலைமை நீதிபதியிடம் இருக்கிறது. அதைத் தொடாமல் தீர்ப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாதிப் படம்தான் தெரியும். வெளிநாட்டு முறையை அப்படியே இறக்கி வைத்து, ஒருமனதாக வந்தது இத்தனை சதவீதம், ஆகவே நம் நீதிபதிகள் ஒற்றுமையானவர்கள் என்று முடிக்கிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி: நீதிபதிகளைப் பற்றி இப்படியெல்லாம் எழுதினால் அவமதிப்பு வழக்கு வராதா? (வாசகர், மதுரை)

பதில்: முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவே சொல்கிறது. பிரான்சில்தான் நிலைமை விநோதம். நீதிபதியின் பெயரை வைத்து அவர் எப்படித் தீர்ப்பளிக்கிறார் என்று அலசுவதையும் கணிப்பதையும் 2019-இல் தடை செய்துவிட்டார்கள், மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை. பிரிட்செட் அங்கே பிறந்திருந்தால் பாவம்.

கேள்வி: ஆய்வுக்குச் சின்னதாக, முடிக்கக்கூடிய தலைப்பு ஒன்று சொல்லுங்களேன். (ஆய்வு மாணவி, திருநெல்வேலி)

பதில்: செஷன்ஸ் கோர்ட்டு மரண தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது, குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்டாக வேண்டும். அதாவது குற்றவாளி அப்பீல் போனாலும் போகாவிட்டாலும் அத்தனை வழக்கும் மேலே வந்தே தீரும். ஆய்வாளருக்கு இது வரப்பிரசாதம். மற்ற அப்பீல்களில் பணம் இருக்கிறவர், பிடிவாதம் இருக்கிறவர் மட்டும் மேலே வருவார், நாம் பார்ப்பது ஏற்கெனவே சலித்த மாவு. இதில் அந்தச் சிக்கல் கிடையாது. பத்து வருஷத்துக்குச் சென்னையையும் மதுரைக் கிளையையும் எடுத்துக்கொண்டு, எத்தனை உறுதியானது, எத்தனை ஆயுளாகக் குறைந்தது, எத்தனை பேர் விடுதலை ஆனார்கள், என்ன காரணம் எழுதினார்கள் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'அப்பீல் பகுதியாக அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரு வரி வரும், அதில் ஜாக்கிரதை. குற்றம் உறுதி, தண்டனை குறைப்பு என்றால் ஜெயித்தது யார்? நான் ஆராய்ச்சி ஆரம்பித்த புதிதில் அப்படிப்பட்டதையெல்லாம் அப்பீல் செய்தவர் ஜெயித்ததாகப் போட்டு, நானூறு தீர்ப்பு முடித்த பிறகுதான் அபத்தம் புரிந்தது. அப்புறம் என்ன, முதலிலிருந்து மறுபடி. ஒரு கோடை விடுமுறை அதிலேயே போனது.

கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? (இன்னொரு தந்தை, சேலம்)

பதில்: நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம், சட்டப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் இந்தத் தலைப்புக்கென்று தனி நாற்காலி எங்கும் காத்திருக்காது. நாளைக்கு உங்கள் பிள்ளை ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: நீங்கள் எந்த நீதிபதியிடமாவது நேரில் பேசியிருக்கிறீர்களா? (வாசகி, வேலூர்)

பதில்: சிலரிடம் பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு மணி நேரம் காபி கொடுத்து, பேசி, உருப்படியாக ஒன்றுமே சொல்லாமல் வாசல் வரை கொண்டுவந்து விட்டார். நான் செருப்பை மாட்டும்போது, "என் தீர்ப்பில் எத்தனை மேலே போய் உடைந்தது என்று உங்கள் கணக்கில் இருக்குமே, எத்தனை?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "பத்துதான். அந்த நில வழக்கை உடைக்கவில்லை, மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பினார்கள்" என்றார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.