சதை மெத்தையாகாது

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, எடை 126 கிலோ. பக்கவாதம் வந்து மூன்று வாரமாகப் படுக்கையில்தான். "இவ்வளவு சதை இருக்கு, எலும்பு உறுத்தாது, படுக்கைப்புண் வராது" என்கிறார் மாமா. சரியா? பார்த்துக்கொள்ள நானும் தம்பியும் மட்டும்தான். (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

மாமா சொல்வதற்கு நேர்மாறுதான் நிஜம். கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அதன்மேல் உடம்பின் பாரமும் அழுத்தினால் புண் சீக்கிரம் வரும், ஆறத்தான் நாளாகும்.

முதலில் கட்டிலைப் பாருங்கள். இங்கே ஒற்றைக் கட்டில் சுமார் 92 செ.மீ. அகலம்தான், அம்மாவைத் திருப்பவே இடம் போதாது. அகலமான கட்டிலுக்கு மாற்றுங்கள். அதுவும் மெத்தையும் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கையைப் பிடித்து மேலே இழுக்கவே கூடாது, அடித்தோல் கிழியும். இரண்டு பேர் தூக்கவும் முயலாதீர்கள், உங்கள் இடுப்பு போய்விடும். ஸ்லைடு ஷீட் என்ற வழுவழுப்பான துணியை அடியில் போட்டு நகர்த்துங்கள். நர்ஸிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.

பலரும் முதுகை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பெரிய உடம்பில் மடிப்புக்குள்தான் வினையே: மார்புக்குக் கீழே, தொங்கும் வயிற்றுக்கு அடியில், தொடை இடுக்கில். பிப்ரவரிப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். தினமும் ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிதட்டி உறுத்தும். சிறுநீர் போகக் குழாய் போட்டிருந்தால், அது சதைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பாட்டியின் தொடை மடிப்பிலிருந்து, வீடெல்லாம் தேடிய டீஸ்பூனை நானே எடுத்திருக்கிறேன்.

நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பாருங்கள்: சூடு, கடினம், சுற்றிலும் உள்ளதைவிடக் கருமை, இவைதான் அடையாளம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். வளையத் தலையணையும் வேண்டாம். அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

அப்புறம், எடை குறையட்டும் என்று இப்போது பட்டினி போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் முட்டை, மீன், பருப்பு, தயிர் தாராளமாகக் கொடுங்கள். தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே கிளினிக்கில் காட்டுங்கள்.